கிணற்று நீரில் அணுக்கதிர்: வந்த வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அடங்கிவிடும். குடிக்கவும் சமைக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறோம். அதனால் அணு உலை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இங்கே முதலில் எழும் பயம் கிணற்றைப் பற்றியது. வாசிகசாலைகளிலும் பாடசாலைகளிலும் நான் பேசப் போன இடங்களில் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கூடங்குளத்தில ஏதும் நடந்தால் நிலத்துக்குக் கீழால எங்கட கிணத்துக்கு வருமோ?

நிலத்துக்குக் கீழால் வராது. கூடங்குளம் யாழ்ப்பாண நகரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வடக்கே அணு உலைகள் உள்ள கல்பாக்கமும் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கல்பாக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் நமக்கும் நடுவில் கடல் கிடக்கிறது.

அதைவிட முக்கியமான காரணம் நம் நீரின் பிறப்பிடம். கிணற்றில் ஊறுவது எங்கோ தொலைவிலிருந்து ஓடிவரும் நிலக்கீழ் ஆறு அல்ல. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இங்கே பெய்கிற மழை செம்பாட்டு மண்ணைக் கடந்து, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களிலும் வெடிப்புகளிலும் இறங்கித் தங்குகிறது. அடியில் உவர்நீர் இருக்க, அதன் மேல் நன்னீர் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கலாம் என்பது நீரியலில் பழைய கணக்கு. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என இந்த வில்லைகள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றின் ஓட்டம் உள்ளிருந்து கடலை நோக்கியது. கீரிமலைக் கேணியில் ஊறும் நன்னீர் அப்படி வெளியேறும் நீர்தான்.

ஆகவே தூரத்து உலையிலிருந்து நம் கிணற்றுக்குக் கதிர்ப்பொருள் வர வேண்டுமானால் காற்றில் ஏறி, மழையோடு இறங்கி வர வேண்டும். கடல் வழியும் உண்டு. அது மீனுக்கும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிப்பவர்களுக்கும் உரிய கேள்வி.

அப்ப நிலக்கீழ் நீரில கதிர் தேடுறதைப் பற்றி நாங்கள் ஏன் படிக்க வேணும்?

மழையோடு வந்தாலும் அது கடைசியில் போய்ச் சேருமிடம் நிலக்கீழ் நீர்தான் என்பது ஒரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது மற்றக் காரணம்: அணு உலைகளைச் சுற்றி வளர்ந்த தேடும் முறை, எந்த மாசுக்கும் பொருந்தும் முறை.

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் இருக்கிறதா, இருந்தால் எங்கிருந்து வந்தது, எதுவரை பரவியிருக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. சனம் எந்த அறிக்கையை நம்புவதென்று தெரியாமல் போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில்தான் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் வழங்க வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த, மூக்குக்கு மணத்த எண்ணெய்க்கே இவ்வளவு இழுபறி. நிறமும் மணமும் ருசியும் இல்லாத ஒன்றுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அணு உலைக்குப் பக்கத்தில நிலக்கீழ் நீர் என்னண்டு பழுதாகுது? வெடிச்சால் மட்டுந்தானோ?

இல்லை. பெரும்பாலான கசிவுகள் விபத்து என்று யாரும் சொல்லாத நாட்களில் நடந்தவை. பயன்படுத்திய எரிபொருளைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும் குளத்தின் சுவரில் ஒரு பிளவு, மண்ணுக்குள் புதைத்த குழாயில் துரு, ஒரு வால்வு சரியாக மூடாதது: இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிரெய்ட்வூட் அணுமின் நிலையத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயின் வால்வுகள் 1990களில் பலமுறை கசிந்தன. திரிற்றியம் அயலவர் நிலத்துக்குள் போயிருப்பது வெளியே தெரிந்தது 2005இல். மினசோட்டாவின் மொன்டிசெலோ நிலையத்தில் 2022 நவம்பரில் ஏறத்தாழ 15 இலட்சம் லீற்றர் திரிற்றிய நீர் கசிந்தது. அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தார்கள். பொதுமக்கள் அறிந்தது 2023 மார்ச்சில்.

குண்டு தயாரித்த இடங்களின் கதை இன்னும் மோசம். வொஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபர்டில் 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் கழிவு கிடக்கிறது. பல தாங்கிகள் கசிந்துவிட்டன. அந்த வளாகத்தின் கழிவிலிருந்து புறப்பட்ட திரிற்றியம் கொலம்பியா ஆற்றையே அடைந்தது. புகுஷிமாவில் 2011க்குப் பிறகு மலைப்பக்கத்திலிருந்து வரும் நிலக்கீழ் நீர் உடைந்த கட்டடங்களுக்குள் புகுந்து மாசடைவதைக் குறைக்க, உலைகளைச் சுற்றி 1.5 கிலோமீற்றர் நீளத்துக்கு, 30 மீற்றர் ஆழம் வரை மண்ணையே உறையவைத்துச் சுவராக்கினார்கள்.

தண்ணியில முதல் எதைத் தேடுவினம்?

திரிற்றியம். இது ஐதரசனின் கதிர்வீசும் சமதானி, அதாவது அணுநிறை வேறான ஐதரசன் வகை. தண்ணீரின் மூலக்கூறிலேயே சாதாரண ஐதரசனின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அதனால் மண்ணில் ஒட்டாது, களியில் தங்காது, நீர் போகுமிடமெல்லாம் நீரின் வேகத்திலேயே போகும். கசிவு எங்கே இருந்தாலும் கண்காணிப்புக் கிணற்றுக்கு முதலில் வந்து சேருவது இதுதான். அரைவாழ்வுக் காலம் (பாதி சிதைய எடுக்கும் காலம்) 12.3 ஆண்டுகள்.

இயற்கையிலும் திரிற்றியம் உண்டு. மேல்வளியில் அண்டக்கதிர்களால் உருவாகி மழையில் இறங்குகிறது. ஒரு திரிற்றிய அலகு என்பது லீற்றருக்கு 0.118 பெக்கரல். (ஒரு செக்கனுக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்.) நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரையோரத்து மழையில் ஒரு சில அலகுகள்தான் இருக்கும். 1963ஐ ஒட்டி, வளிமண்டலத்தில் குண்டு வெடித்துப் பார்த்த காலத்தில், வட அரைக்கோளத்தின் மழையில் இது ஆயிரக்கணக்கான அலகுகளுக்கு ஏறியது. அந்த ஏற்றத்தை வைத்தே கிணற்று நீர் எப்போது மழையாக விழுந்தது என்று நீரியலாளர்கள் பல ஆண்டுகள் கணித்து வந்தார்கள்.

உலையின் வகையும் இங்கே முக்கியம். கல்பாக்கத்தின் இரண்டு பழைய உலைகள் கனநீர் (கனமான ஐதரசன் சமதானி கொண்ட நீர்) உலைகள். கனநீர் நியூத்திரனை உறிஞ்சித் திரிற்றியமாவதால் அவ்வகை உலைகளில் திரிற்றியம் அதிகம். கூடங்குளத்தில் இயங்கும் ரஷ்ய வகை உலைகள் சாதாரண நீரைப் பயன்படுத்துபவை, அவற்றில் குறைவு.

சீசியம், ஸ்ட்ரோன்சியம் எல்லாம் அதே வேகத்தில ஓடாதோ?

ஓடாது. தேடுதலின் திறவுகோலே இந்த வித்தியாசம்தான். ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் வெவ்வேறு தரிப்பில் இறங்குவதுபோல, ஒரே கசிவில் புறப்பட்ட கதிர்வீசும் பொருட்கள் வெவ்வேறு தூரத்தில் தங்கிவிடுகின்றன. திரிற்றியம் கடைசித் தரிப்பு வரை போகும். அயடீன்-129, ரெக்னீசியம்-99 ஆகியவை அதற்குப் பின்னால் அதிகம் தங்காமல் போகும். ஸ்ட்ரோன்சியம்-90 பின்தங்கும். சீசியம்-137 களிமண்ணைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொண்டு அசையாது.

ஆனால் இது எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது, அதிலும் நம் மண்ணுக்கு. ஸ்ட்ரோன்சியம் இரசாயனத்தில் கல்சியத்தின் உறவுக்காரன். சுண்ணாம்பு நீரில் கல்சியம் ஏற்கெனவே நிறைய இருப்பதால், ஒட்டும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும்; ஸ்ட்ரோன்சியம் ஒட்ட இடமின்றித் தொடர்ந்து நகரும். யுரேனியமும் அப்படித்தான்: காபனேற்று, கல்சியம் இரண்டும் உள்ள நீரில் கரைந்த நிலையிலேயே நெடுந்தூரம் போகும். சீசியத்தைத் தடுத்து வைக்கும் களியில் பொற்றாசியமும் சோடியமும் ஏறினால் பிடி தளரும். ஹான்ஃபர்டில் உப்புச் செறிந்த தாங்கிக் கழிவு கசிந்த இடங்களில் சீசியம் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மிஞ்சி இறைத்து உவராக்கிய நம் கரையோரக் கிணறுகளை நினைக்கும்போது எனக்கு இந்த விடயம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

புளூட்டோனியம் கரையாது, அசையாது என்று நெடுங்காலம் நம்பினார்கள். நெவாடாவில் 1968இல் நிலத்துக்கடியில் வெடித்த ஒரு குண்டின் புளூட்டோனியம் 1.3 கிலோமீற்றர் தள்ளியிருந்த கிணற்றில், நீரில் மிதக்கும் நுண்துகள்களில் ஒட்டியபடி காணப்பட்டது. அது 1999இல் வெளியானபோது பல கணிப்புகளைத் திருத்த வேண்டி வந்தது.

எங்கிருந்து வந்ததெண்டு எப்படி உறுதியாச் சொல்லுவினம்?

ஒரே ஓர் எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று விடயங்கள் பொருந்தி வர வேண்டும்: நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, பொருட்களின் சேர்க்கை எந்த மூலத்தோடு ஒத்துப்போகிறது, வந்த காலம் சரியா.

திசையை அறியப் பல கிணறுகளில் நீர்மட்டத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து வரைபடம் போடுவார்கள். உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு நீர் போகும். பிறகு சந்தேகத்துக்குரிய இடத்தின் மேல்பக்கத்திலும் (நீர் வரும் பக்கம்) கீழ்ப்பக்கத்திலும் (நீர் போகும் பக்கம்) கண்காணிப்புக் கிணறுகள், வெவ்வேறு ஆழங்களில். மேல்பக்கத்தில் இல்லாமல் கீழ்ப்பக்கத்தில் இருந்தால் மூலம் இடையில் இருக்கிறது. மேல்பக்கக் கிணறு இல்லாத ஆய்வு அறிக்கையைக் கண்டால் நான் நம்ப மாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம்.

நியூயோர்க் அருகே லோங் ஐலண்ட் என்ற தீவில் புரூக்ஹேவன் ஆய்வுகூடம் இருக்கிறது. அந்தத் தீவு மக்களும் நம்மைப்போல நிலக்கீழ் நீரையே குடிப்பவர்கள். ஆய்வு உலையின் எரிபொருள் குளத்திலிருந்து திரிற்றியம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது 1997இல்தான் தெரியவந்தது. 12 ஆண்டுகள் வரை கசிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். நாளொன்றுக்குக் கசிந்தது ஒரு வாளி, இரண்டு வாளி அளவு. குளத்து நீர் ஆவியாவதோடு சேர்ந்துபோனதால் மட்டத்தைப் பார்த்து யாருக்கும் தெரியவில்லை. உலைக்குக் கீழ்ப்பக்கத்தில் கண்காணிப்புக் கிணறு தோண்டுவதைத் தள்ளிப்போட்டு வந்திருந்தார்கள். தோண்டியதும் தெரிந்தது. நிர்வாகம் செய்த அமைப்பின் ஒப்பந்தம் அதே ஆண்டில் இரத்தாகி, 1999இல் அந்த உலையை நிரந்தரமாக மூடும் முடிவும் வந்தது. கதிரின் அளவைவிட, கிணறு தோண்டாமல் விட்டதுதான் அயலவரின் நம்பிக்கையை உடைத்தது.

சேர்க்கையை வைத்துக் கண்டுபிடித்ததற்கு, ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த இந்தியன் பொயின்ற் நிலையம் நல்ல உதாரணம். 2005இல் கசிவு தெரியவந்தபோது அங்கே இரண்டு எரிபொருள் குளங்கள் சந்தேகத்தில் இருந்தன. ஒரு பக்கத்து நீரில் திரிற்றியம் மேலோங்கியது. அது இரண்டாம் உலையின் குளம். மற்றப் பக்கத்தில் ஸ்ட்ரோன்சியம்-90 இருந்தது. அது எப்போதோ நிறுத்திய முதலாம் உலையின் பழைய குளம். இரண்டு மூலங்களின் நீரும் கலந்து ஆற்றை நோக்கிப் போனாலும் பிரித்தறிய முடிந்தது.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. சீசியம்-134இன் அரைவாழ்வுக் காலம் 2 ஆண்டுகளுக்குச் சற்று மேல், சீசியம்-137க்கு 30 ஆண்டுகள். பழைய குண்டுச் சோதனைகளின் மிச்சத்தில் 134 கிடையாது. அதனால் இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அண்மையில் உலையிலிருந்து வந்தது. புகுஷிமாவில் வெளியானபோது இரண்டும் ஏறத்தாழ சம அளவில் இருந்தன. அந்த விகிதம் தேயத் தேய வெளியான காலத்தைப் பின்னோக்கிக் கணிக்கலாம். யுரேனியத்தில் 235இன் பங்கு இயற்கையில் 0.72 சதவீதம், அது கூடினாலோ குறைந்தாலோ மனிதக் கை பட்டிருக்கிறது. அயடீன்-131 மட்டும் கழிவுநீரில் கிடைத்தால் உலையைக் குற்றம் சாட்ட அவசரப்படக் கூடாது. தைரொயிட் சிகிச்சை பெற்றவரின் சிறுநீரிலும் அது வரும், மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நம் வளவுகளில் இது வெறும் கற்பனை அல்ல.

கூடங்குளம் பக்கத்து மண்ணில ஏற்கெனவே கதிர் கூட எண்டு சொல்லினமே?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மொனசைற் இயற்கையாகவே உண்டு. அங்கே கருவி கூடுதலாகக் காட்டுவது அந்த மணலால். உலை வருவதற்கு முன்பும் அப்படித்தான். ஆனால் தோரியத்தின் குடும்பத்தில் சீசியம்-137 பிறக்காது. எந்தச் சமதானி என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பிரித்துப் பார்க்காமல் மொத்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துபவரும், அதே மொத்த எண்ணைக் காட்டி எல்லாம் இயற்கைதான் என்று ஆறுதல் சொல்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

எங்கட சுண்ணாம்புக்கல்லில நீர் போற பாதையைப் பிடிக்க ஏலுமோ?

கடினம். மணலில் நிலக்கீழ் நீர் ஆண்டுக்கு சில மீற்றர் தொடக்கம் நூற்றுக்கணக்கான மீற்றர் வரை நகரும். சுண்ணாம்புக்கல் கரைந்து குகையும் குழலுமான இடத்தில் அந்தத் தூரத்தை ஒரு நாளிலேயே கடக்கலாம். நேர்கோட்டில் போகாது, பக்கத்துக் கிணற்றைத் தொடாமல் தூரத்துக் கிணற்றில் போய் எழும். நிலாவரைக் கிணறு அப்படிக் கல் கரைந்து உருவான பள்ளம்தான். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்.

இப்படியான கல்லில் பச்சையாக ஒளிரும் யுரனின் போன்ற சாயத்தை ஓரிடத்தில் விட்டு, சுற்றியுள்ள கிணறுகளில் எப்போது, எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவையும் கருவி பிடிக்கும். இந்தியன் பொயின்றின் வெடிப்புகள் நிறைந்த சலவைக்கல்லிலும் இதே முறையைக் கையாண்டார்கள். வலிகாமத்தில் எண்ணெய், நைத்திரேற்று, கதிர் என்று எதைப் பற்றிப் பேசினாலும், எந்தக் கிணற்று நீர் எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்ற வரைபடம் இல்லாமல் செய்யும் வாதம் பாதி வாதம்தான்.

இணையத்தில வாங்கின கைகர் மீற்றரைக் கிணத்துக்கு மேல பிடிச்சால் தெரியாதோ?

தெரியாது. திரிற்றியத்தின் பீற்றாக் கதிர் (அணுவிலிருந்து பாயும் இலத்திரன்) காற்றில் சுமார் 6 மில்லிமீற்றர்தான் போகும். கருவியின் மெல்லிய சன்னலைக்கூடத் தாண்டாது. திரிற்றியத்தை அளக்க நீரை வடித்து, ஒளிரும் திரவத்தோடு கலந்து, இருட்டறைக் கருவியில் மணிக்கணக்காக ஒளித்துளிகளை எண்ணுவார்கள். மிகச் சிறிய அளவென்றால் அதற்கு முன் மின்பகுப்பால் செறிவாக்க வேண்டும். சீசியத்துக்குக் காமா நிறமாலைக் கருவி உண்டு. 662 கிலோ இலத்திரன்வோல்ற்றில் எழும் கோடு அதன் அடையாளம். ஸ்ட்ரோன்சியம்-90க்கு இரசாயனப் பிரிப்பு வேண்டும், நாட்கணக்கில் வேலை.

பீற்றா கூட எண்டு அறிக்கை வந்தால் பயப்பட வேணுமோ?

உடனே வேண்டாம். முதலில் பொற்றாசியத்தைக் கேளுங்கள். மொத்தப் பீற்றா என்பது எல்லாப் பீற்றாக் கதிரையும் ஒன்றாக எண்ணுவது. இயற்கைப் பொற்றாசியம் முழுவதிலும் கதிர்வீசும் பொற்றாசியம்-40 கலந்திருக்கிறது. ஒரு கிராம் பொற்றாசியத்திலிருந்து ஏறத்தாழ 28 பெக்கரல் பீற்றா வரும். நம் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மிளகாய்க்கும் போடும் பொட்டாஷ் பசளையில் மிச்சம் மழையோடு கிணற்றுக்கு இறங்குகிறது. லீற்றருக்கு 40 மில்லிகிராம் பொற்றாசியம் இருந்தால், அது மட்டுமே 1.1 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் மொத்தப் பீற்றாவுக்கு வைத்திருக்கும் சல்லடை அளவு (தாண்டினால் மேலும் சோதிக்க வேண்டும்) லீற்றருக்கு 1 பெக்கரல். பசளையே அதைத் தாண்டவைக்கும். அதனால் பொற்றாசியத்தைத் தனியாக அளந்து கழித்த பிறகு மிஞ்சுவது என்ன என்பதுதான் கேள்வி. மிஞ்சினால் சமதானி சமதானியாகத் தேட வேண்டும். கழிக்காத அறிக்கையை ஏற்காதீர்கள்.

எவ்வளவு இருந்தால் குடிக்கக் கூடாது?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், குடிநீரால் உடம்பு ஏற்கும் கதிர் ஆண்டுக்கு 0.1 மில்லிசீவேற்றுக்கு மேல் கூடாது என்பதிலிருந்து கணித்தது. லீற்றருக்குத் திரிற்றியம் 10,000 பெக்கரல், சீசியம்-137 10, ஸ்ட்ரோன்சியம்-90 10, ரேடியம்-226 1. யுரேனியத்துக்கு லீற்றருக்கு 30 மைக்ரோகிராம். அது கதிருக்காக அல்ல, சிறுநீரகத்துக்குச் செய்யும் கேட்டுக்காக வைத்த அளவு.

திரிற்றியத்தில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் எல்லை 740 பெக்கரல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 100ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐரோப்பியரின் எண்ணம் எனக்குச் சரியாகப் படுகிறது. 100 பெக்கரல் உடம்பை அசைக்காது. ஆனால் இயற்கையில் ஒரு பெக்கரலுக்கும் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் நூறு இருந்தால் எங்கோ ஒரு குழாய் கசிகிறது. திரிற்றியத்தை நஞ்சாகப் பார்ப்பதைவிட, பின்னால் ஸ்ட்ரோன்சியம் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் தூதாகப் பார்க்க வேண்டும்.

காய்ச்சிக் குடிச்சால் போதாதோ? ஆர்.ஓ. மெஷின் இருக்குத்தானே?

காய்ச்சினால் கிருமி சாகும், கதிர் சாகாது. நீர் வற்றும்போது சீசியமும் ஸ்ட்ரோன்சியமும் யுரேனியமும் செறிவடையும். ஆர்.ஓ. இயந்திரம் இந்த மூன்றையும் பெருமளவு பிடித்துவிடும். திரிற்றியத்தைப் பிடிக்காது; அது தண்ணீராகவே இருப்பதால் சவ்வுக்கு வித்தியாசம் தெரியாது. தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இதே விதிதான். கடலில் கலந்து மிகவும் ஐதாகிவிடும் என்பதால் இன்று அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே உள்ளெடுக்கும் கடல்நீரைக் காலத்துக்குக் காலம் திரிற்றியத்துக்கு அளந்து, முடிவைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று நான் கேட்பேன்.

அயல்நாட்டில விபத்தெண்டு செய்தி வந்தால் கிணத்துக்கு என்ன செய்யிறது?

மூடுங்கள். மழைக்கு முன் மூடுங்கள். கூரைப் பீலியிலிருந்து கிணற்றுக்கோ தொட்டிக்கோ நீர் விடும் வழக்கமிருந்தால் குழாயைத் திருப்பிவிடுங்கள். புகுஷிமா விபத்தின்போது 2011 மார்ச்சில் தோக்கியோவின் ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அயடீன்-131 லீற்றருக்கு 210 பெக்கரலைத் தொட்டது; குழந்தைகளுக்கான எல்லை அன்று 100. அது ஆற்றுநீர். செர்னோபில் விபத்துக்குப் பிறகு கீயெவ் நகரம் ஆற்றை மட்டும் நம்பாமல் ஆழ்குழாய்க் கிணறுகளைத் தோண்டியது. மண்ணுக்குக் கீழுள்ள நீருக்குக் காலம் ஒரு காவல்: அயடீன்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும்.

நம் கிணறுகளுக்கு அந்தக் காவல் பாதிதான். வாய் திறந்த கிணறு வானத்திலிருந்து நேரே ஏற்கும். மண் மெல்லிய இடத்தில் மழைநீர் சில நாட்களில் நீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். ஆழ்குழாய்க் கிணறு அயலில் இருந்தால் முதல் சில வாரங்களுக்குக் குடிக்க அதை எடுப்பது நல்லது. அறிவிப்பைப் பொறுத்தவரை, இந்தியாவும் இலங்கையும் அணு விபத்தை உடனே அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கையில் இருக்கின்றன. நம் கரையோரத்திலும் காமாக் கதிர் முன்னெச்சரிக்கை நிலையங்கள் உண்டு. அவை காற்றைப் பார்ப்பவை, கிணற்றை அல்ல.

ஒண்டும் நடக்கேல்லையே, இப்பவே ஏன் அளக்க வேணும்?

ஒன்றும் நடக்காத காலத்தின் எண் பிறகு கிடைக்காது என்பதால். விபத்துக்குப் பிறகு கிணற்றில் சீசியம் 0.02 பெக்கரல் என்று வந்தால், அது 1960களின் குண்டுச் சோதனை மிச்சமா, நேற்று வந்ததா? முன்னர் அளந்திருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லலாம். அளக்காவிட்டால் நிபுணர்கள் இரு பக்கமும் நின்று வாதிடுவார்கள், சனம் நடுவில் நிற்கும். சுன்னாகத்தில் நாம் பட்டது போதும்.

எல்லாக் கிணற்றையும் அளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நன்னீர் வில்லைக்கும் சில பொதுக் கிணறுகள், ஒரு மழைமாதிரி நிலையம், மாரிக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கு இரு முறை: திரிற்றியம், மொத்த அல்ஃபா, பொற்றாசியம் கழித்த பீற்றா, காமா நிறமாலை. அதே போத்தலில் நைத்திரேற்றையும் உப்பையும் பார்க்கலாம். இன்று நம் பிள்ளைகளை உண்மையாகவே பாதிப்பது நைத்திரேற்றுத்தான், அதற்கும் இந்தத் தொடர் அளவீடு உதவும். பிரதேச சபைகள் கேட்டுப் பெறக்கூடிய வேலை இது.

ஆரிட்டைக் குடுக்கிறது, மாதிரி எப்படி எடுக்கிறது?

கதிர்ப் பரிசோதனைக்கு ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபை. பால்மா போன்ற இறக்குமதி உணவுகளைக் கதிருக்குச் சோதிக்கும் ஆய்வுகூடம் அங்கேதான் இருக்கிறது. உப்பு, நைத்திரேற்று, எண்ணெய் போன்றவற்றுக்கு நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அனுப்பும் முன் தொலைபேசியில் அழைத்து எந்தச் சோதனைக்கு எவ்வளவு நீர், எந்தப் போத்தல் என்று கேளுங்கள்.

நாளாந்தம் இறைக்கும் கிணற்றில் நேரே எடுக்கலாம். கிடப்பில் உள்ள குழாய்க் கிணற்றில், குழாய்க்குள் நிற்கும் நீரைப்போல மூன்று மடங்கை இறைத்துவிட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய நீரைத்தான் அளப்பீர்கள். சீசியத்துக்கும் யுரேனியத்துக்குமான போத்தலில் சிறிது நைத்திரிக் அமிலம் விடுவார்கள், போத்தல் சுவரில் ஒட்டாமலிருக்க. திரிற்றியத்துக்கும் அயடீனுக்கும் அமிலம் கூடாது, அவற்றுக்கு வேறு போத்தல். திரிற்றியப் போத்தலைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி இறுக்கி மூடுங்கள். இருட்டில் ஒளிரும் முள்ளுள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள். சிலவற்றின் ஒளி திரிற்றியத்தால் வருவது, நுண்ணளவு மாதிரியைக் கெடுத்துவிடும். லேபிளில் திகதி, நேரம், கிணறு உள்ள இடம், தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம், கடைசியாக மழை பெய்த நாள், பக்கத்துத் தோட்டத்துக்குப் பசளை போட்ட நாள் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள். அறிக்கை வந்ததும் ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.